சில்லுக்கு வைத்த கல்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்ததும் கிடையாது. பத்து வயதில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் விறகுக்கு மிலாறு பொறுக்கப் போனபோது குச்சி குத்தி, இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. அப்படிப்பட்ட நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஹட்டனில் வாகனக் காப்புறுதி முகவராக இருந்து, அந்த வருமானத்திலேயே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பஸ், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் ரயில். மற்ற இடமெல்லாம் நடை.

"சாருக்கு லைசனே இல்லையா? அப்புறம் எப்படி எங்க வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடுறீங்க?" என்று சிரிப்பார்கள்.

"மாடு வச்சிருக்கிறவங்க எல்லாருமா பால் கறக்கிறாங்க?" என்பேன்.

வேடிக்கையாகச் சொன்னாலும் சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் போகிற வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேண்டும். அதை ஓட்டுகிற ஆளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இரண்டும் வேறு வேறு தாள். வண்டியின் சொந்தக்காரருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ஊர்க் காப்புறுதிப் பத்திரங்களிலும், உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஓட்டலாம் என்றுதான் வழக்கமாக இருக்கும்.

மலையகத்தில் ஓட்டத் தெரியாத சொந்தக்காரர்கள் அதிகம். குவைத்தில் பத்து வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, தன் பெயரில் ஆட்டோ வாங்கி மகன் கையில் கொடுத்த அம்மாமார் என் பைல்களில் வரிசையாக இருக்கிறார்கள். கண்பார்வை மங்கி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்காமல் விட்ட ஓய்வுபெற்ற கிளாக்கர்மார் இருக்கிறார்கள். கணவர் போன பிறகு ஷெட்டில் நிற்கும் வானைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

நானுஓயாவில் ஓர் அம்மா அந்தக் கடைசி வகை. 2022 ஓகஸ்டில் என்னைத் தேடி வந்தார். டீசலுக்குக் கிழமைக் கோட்டாவும் கியூஆர் குறியீடும் வந்திருந்த நேரம். ஓடுகிற வண்டிக்கே எண்ணெய் இல்லாதபோது ஓடாத வண்டிக்குக் காப்புறுதி கேட்டு ஒருவர் ஹட்டன் வரை ரயிலேறி வந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியந்தான்.

அவருடைய கணவர் வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரிந்தவர். ஹோர்ட்டன் சமவெளி, அப்புத்தளை, எல்ல என்று அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. டொல்பின் என்று நாம் சொல்லும் டொயோட்டா ஹைஏஸ், எல்எச் 113. அதன் பின் ஆசனங்களைக் கழற்றி ஒரு பலகைக் கட்டில், இரண்டடுப்பு காஸ் குக்கர், கை கழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து 2018இல் கொட்டகலை பாஸ் ஒருவரிடம் மாற்றிக் கட்டினார். வெளிநாட்டில் மோட்டர்ஹோம் என்பார்கள். அந்த அம்மா வாயில் அது "வீட்டு வான்". நல்லபடியாக ஓடியது ஒரு சீசன்தான். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன, பயணிகள் நின்றார்கள். அடுத்த வருடம் கொரோனா. அதற்கடுத்த வருடம் அவரே போய்விட்டார்.

அம்மா நாரஹேன்பிட்டவுக்கு மூன்று தடவை அலைந்து வண்டியைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். பதிவுச் சான்றிதழ் பொலித்தீன் உறைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த வாசனையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு காப்புறுதிக் கிளையொன்றுக்குப் போயிருக்கிறார். கருமபீடத்தில் இருந்த பையன், "லைசன் இல்லாத ஆளுக்குப் போட முடியாது. ஓட்டத் தெரிஞ்ச யார் பேருக்காவது மாத்திக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டான். பையன் கெட்டவன் இல்லை. கணினியில் அனுமதிப்பத்திர இலக்கம் கேட்கிற கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கட்டம் போகவில்லை என்பதற்காகச் சட்டமே விடவில்லை என்று நம்பிவிட்டான்.

அக்கா மகன் ஒருவர் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள ஆயத்தமாக இருந்தார். நான் கேட்டேன்: "எழுதிக் கொடுத்துட்டா வண்டி அவருடையதாயிடுமே, பரவாயில்லையாம்மா?"

"அதான் சார் வேணாங்கிறேன். லயத்துல பொறந்தவ நான். காம்பரா தோட்டத்துது. காணி தோட்டத்துது. எம் பேருல இருக்கிறது இது ஒண்ணுதான். எங்களுக்கு வீடு இல்ல, வீட்டு வான்தான் இருக்கு."

தோட்டத்து ஆட்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் தருவதாகப் பல வருடமாகப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறார்கள். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நான் படிவத்தை எடுத்தேன்.

படிவத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வரும். அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

1999 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. பொகவந்தலாவைப் பக்கம் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. 'ஸ்ரீ' இலக்கத் தகடு. 1958இல் தகடுகளில் இருந்த அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து அதன்மேல் தார் பூசிக்கொண்டு போனவர்களைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொல்வார். சொல்லிவிட்டு, அதே எழுத்துள்ள தகட்டைச் சட்டைத் துணியால் துடைப்பார். கண் மங்கியதும் ஓட்டுவதை விட்டுவிட்டார். காரை விற்க மனம் வரவில்லை. வீட்டுக்கு மேலே சரிவில் நிறுத்தி, கைப்பிரேக்கில் நம்பிக்கை இல்லாததால் பின்சில்லுக்கு ஒரு கல் வைத்திருந்தார். மூன்றாம் தரப்போடு நிற்காமல் முழுக் காப்புறுதியே வருடா வருடம் என்னிடம் போட்டுவந்தார்.

அன்று பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். விக்கெட் சாய்ந்து சாய்ந்து விழுந்ததால் முட்டுக்கொடுக்க ஒரு கல் தேவைப்பட்டது. பார்க்கப் பொருத்தமான கல் காருக்குக் கீழேதான் இருந்தது.

கார் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரு வளைவைத் தாண்டி, தேயிலைச் செடிகளில் உரசி, கீழே இருந்த கடையின் முன்பக்கத்தில் போய் நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது.

இழப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: விபத்து நேரத்தில் வாகனத்தைச் செலுத்தியவர் யார், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கம் என்ன. கிளாக்கர் ஐயா நடுங்கிப்போனார். "நான் லைசன் இல்லாதவன். டிரைவரே இல்லாம வண்டி போச்சுன்னா எவன் நம்புவான்?" மருமகனிடம் லைசன் இருந்தது. அவர் ஓட்டியதாகப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பேச்சு அவர்களுடையது. ஆனால் படிவத்தில் எழுதிய பேனா என்னுடையது. கட்டம் வெறுமையாக இருந்தால் கிளேம் நின்றுவிடும் என்று நானும் பயந்தேன். அந்தக் கருமபீடத்துப் பையனை நான் திட்டாததற்கு இது ஒரு காரணம்.

கண்டியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். வயதான மனுஷர், குடை பிடித்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைத் திறந்து சாரதி ஆசனத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலைத் திருப்பித் தூசியைப் பார்த்தார். மருமகனிடம், "எத்தனையாவது கியரில் வந்தீங்க?" என்றார்.

"மூணாவது சார்."

பொனட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். பெட்டரி இருந்த இடத்தில் பெட்டரி இல்லை. இரண்டு வயர்கள் ஓரமாகச் சுருண்டு கிடந்தன. லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் டிவி பார்ப்பதற்காக அதைக் கழற்றிக் கொண்டுபோனதை எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர் சிரிக்கக்கூட இல்லை. பொனட்டை மெதுவாக மூடினார்.

காருக்கான கிளேம் பொய்த் தகவல் என்று தள்ளுபடி ஆனது. கடைக்காரர் விஷயம் வேறு. நட்டப்பட்ட வெளியாளுக்குக் கொடுக்க வேண்டியதிலிருந்து கம்பனி அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது. கட்டாயக் காப்புறுதி என்று சட்டம் வைத்திருப்பதே அவருக்காகத்தான். அவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அந்தத் தொகையைக் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பேசிப் பேசிப் பாதியாக்கி, ஓய்வூதியத்திலிருந்து மாதம் மாதம் கட்டி முடித்தார். எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் இன்னும் என் பைலில் இருக்கிறது.

'யாரும் ஓட்டவில்லை, நிறுத்தி வைத்த வண்டி, கல் எடுபட்டது' என்று உள்ளதை எழுதியிருந்தால் கடைக்காரரின் பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கடிதம் வந்திருக்காது. இது எனக்குப் பிறகு அதே மதிப்பீட்டாளர் சொன்னது. அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நின்றது. "கட்டத்துக்கு உள்ளே எழுத இடமில்லையென்றால் கட்டத்துக்கு வெளியே எழுது."

நானுஓயா அம்மாவின் படிவத்தில் அதைத்தான் செய்தேன். சாரதி என்ற கட்டத்தில், 'உரிமையாளரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. வாகனம் ஓட்டப்படுவதில்லை. கராஜுக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அனுமதிப்பத்திரம் உள்ளவரே செலுத்துவார்' என்று எழுதினேன். பாவனை என்ற கட்டத்தில் தனிப்பட்டது, வாடகை என்று இரண்டே தெரிவுகள். இரண்டையும் விட்டு, 'தற்போது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஓரத்தில் எழுதினேன். இந்தப் பாவனைக் கட்டத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். தனிப்பட்டது என்று போட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காசுக்கு ஏற்றுவார்கள். விபத்து நடந்த அன்றுதான் அது வெளியே வரும்.

நிறுத்தும் இடத்தின் முகவரி அடுத்த தலைவலி. லயத்துக்கு வீதிப் பெயர் ஏது? தோட்டப் பெயர், டிவிஷன், லய இலக்கம், காம்பரா இலக்கம். கடிதங்கள் தோட்டத்து ஒபீஸுக்கு வந்து, அங்கிருந்து எப்போது கைக்கு வருகிறதோ அப்போதுதான். கிராம சேவகரிடம் வதிவிட உறுதிக் கடிதமும், ஷெட் தோட்டத்தின் அனுமதியோடு கட்டப்பட்டது என்று துரையிடம் ஒரு கடிதமும் வாங்கிச் சேர்த்தோம். காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல் ஒபீஸ் மேசையிலேயே கிடந்து காலாவதியான வண்டிகள் எனக்குத் தெரியும். அதனால் அம்மாவின் மகளுடைய தொலைபேசி இலக்கத்தையும் போட்டேன்.

பரிசோதனைக்கு நானும் போனேன். ஷெட் ரயில் பாதைக்கு மேலே. வானின் மேல் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குகள் நாலைந்தைச் சேர்த்துத் தைத்துப் போர்த்தியிருந்தார். இழுத்ததும் பூஞ்சண வாசனை. அந்த ஊர்க் குளிரில் நாலு மாதம் கதவு திறக்காத எதுவும் அப்படித்தான் மணக்கும். உள்ளே கட்டில் பலகை வெள்ளை பூத்திருந்தது. டேஷ்போர்ட் பெட்டியைத் திறந்தால் எலிக் கூடு. அது கட்டப்பட்டிருந்ததோ பழைய காப்புறுதிப் பத்திரத்தைக் கிழித்து. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிச்சுப் பார்த்திருக்கும் சார்."

எலி கடித்த வயருக்குக் கம்பனி பொறுப்பில்லை. துருவுக்கும் பூஞ்சணத்துக்கும் பொறுப்பில்லை. நின்று நின்று இறுகிப்போகும் பிரேக்குக்கும் இல்லை. நிறுத்தி வைக்கிற வண்டிக்கு உண்மையில் வருகிற சேதத்தில் பாதி இந்த வகைதான். இதைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். தீ, திருட்டு, வெள்ளம், மண்சரிவு, மரம் விழுதல், இவற்றுக்காகத்தான் காப்புறுதி. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்பது தனிக் கட்டணத்தோடு சேர்ப்பது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் வரும். எண்பத்துமூன்றுக் கலவரத்தைப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கேட்காமலே சேர்க்கச் சொல்வார்கள்.

பரிசோதகர் மண்ணில் மல்லாந்து படுத்துச் சேஸி இலக்கத்தைத் துடைத்தார். மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தன. அம்மா குனிந்து பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டு, கடைசி எண் வரை வாய்விட்டு வாசித்தார். காஸ் சிலிண்டர் உள்ளேயே இருந்தது. கழற்றி லயத்துக்கு வெளியே வைத்தோம். பெட்டரி முனைகளையும் கழற்றினோம். நான்கு சில்லுக்கும் கல் இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன்.

பெறுமதி எவ்வளவு போடுவது? பழைய பத்திரத்தில் 22 இலட்சம். அதையே போட்டால் கட்டணம் குறையும் என்பது அம்மாவின் கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டிருந்தது. பெறுமதி பார்த்தவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால், பத்து இலட்சம் நட்டம் வந்தாலும் ஐந்துதான் தருவார்கள், மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக்காரர் என்பார்கள். மோட்டார் காப்புறுதியில் ஆட்களை அதிகம் அழ வைத்தது இந்த விதிதான். அம்மா யோசித்துவிட்டுச் சரியான தொகைக்கே சம்மதித்தார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும், பெறுமதியை மறுபடி பார்க்கச் சொல்லி நானே போன் எடுத்தேன். ஒருமுறை ஏற்றிய தொகையை அப்படியே விட்டால் வீண் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வருட வரிப் பத்திரத்தை என்ன செய்வது என்பதில் எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். ஓடாத வண்டி என்று முன்கூட்டியே பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டால், புகைப் பரிசோதனையும் வரியும் இல்லாமல் சும்மா நிறுத்தலாம். நான் அதைத்தான் சொன்னேன். அவருக்கு மனம் வரவில்லை. "அவரு கண்ணாடியில ஒட்டினது. வருசா வருசம் புதுசு ஒட்டணும்." கடைசியில் அறிவித்தல்தான் கொடுத்தார். பழைய பத்திரத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் தரப்பை விடவேண்டாம் என்றேன். கட்டி இழுத்துப்போகும்போது வண்டி வீதியில்தான் போகும். கல் எடுபட்டாலும் வீதிக்குத்தான் வரும்.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டு லண்டனிலிருந்து ஓர் அக்கா பேசினார். டிக்கோயாவில் பிறந்து லண்டனில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் ஆசையாய் வாங்கிய மோட்டர்ஹோம் ஊருக்கு வெளியே வாடகை முற்றத்தில் நிற்கிறதாம். கணவர் பார்வைக் குறைவால் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் எப்போதுமே இல்லை. கணினியில் எந்தக் கம்பனிக்குப் போனாலும் அதே கட்டம், அதே கேள்வி. நானுஓயாவும் லண்டனும் இந்த ஒரு விஷயத்தில் பக்கத்துக் காம்பரா. பிரித்தானியாவில் 2011 முதல், ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் காப்புறுதி தொடர்ந்து இருக்க வேண்டும். வேண்டாமென்றால் வீதியில் ஓடாது என்று முறையாக அறிவித்துவிட வேண்டும். அறிவித்துவிட்டாலும் தீக்கும் திருட்டுக்கும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கணினியை மூடிவிட்டு மனுஷரோடு பேசுங்கள், தரகர் ஒருவரைப் பிடியுங்கள் என்றும் சொன்னேன்.

2024 தென்மேற்கு மழையில் நானுஓயா ஷெட்டின்மேல் ஒரு டர்ப்பன்டைன் மரத்தின் கிளை முறிந்து விழுந்தது. அந்த மரத்தை வெட்டச் சொல்லி நாங்கள் தோட்டத்துக்கு எழுதியிருந்தோம். பதில் வரவில்லை. கூரைத் தகரம் கிழிந்து, வானின் முன்கண்ணாடி உடைந்து, மேல் தகடு உள்ளே அமுங்கியது. இழப்பீட்டுப் படிவம் வந்தபோது அம்மாவே பேனாவை வாங்கினார். சாரதி யார் என்ற இடத்தில், 'யாரும் இல்லை' என்று தமிழில் எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்கும் தகட்டுக்கும் முறைப்படி கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு பணம் தந்தார்கள். நசுங்கிய குக்கருக்கும் தொட்டிக்கும் தரவில்லை. வண்டியை மாற்றிக் கட்டியதைப் படிவத்தில் சொல்லியிருந்தேனே தவிர, உள்ளே பொருத்திய பொருள்களுக்குத் தனித்தனியாக விலை போட்டுப் பட்டியல் வைக்கவில்லை. அது என் கவனக்குறைவு. குக்கர் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். தொட்டி இன்னும் நசுங்கியபடிதான் இருக்கிறது.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் படிவத்தை நிரப்பியது என்னைப்போல ஒரு முகவர். பெரும்பாலும் சிங்களத்தில், இல்லையென்றால் ஆங்கிலத்தில். நீங்கள் போட்டது கையெழுத்து மட்டும். அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சாரதி என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, நிறுத்தும் இடம் என்று எது இருக்கிறது, பாவனை என்று என்ன இருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் எழுத்தில் திருத்தக் கேளுங்கள். அடுத்த தடவை படிவத்தைத் தமிழிலேயே கேளுங்கள். இல்லை என்பார்கள். திரும்பவும் கேளுங்கள்.